மூல ஓலை யார் கையில்?

என் வீட்டுக்காரரின் மறதிக்குக் காரணம் தெரியவில்லை என்பதுதான் எங்களுக்குக் கிடைத்த முடிவு. பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட்டார்கள். தைராய்டு சரி, சோடியம் சரி. மெட்ஃபார்மின் மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், அது குறைந்தால் மறதி வரலாம் என்பதால் அதையும் பார்த்தார்கள். கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. ஊசி போட்டு ஏற்றியாயிற்று. மறதி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. தலையை ஸ்கேன் எடுத்ததில் ரத்தக்கட்டு இல்லை, கட்டி இல்லை, வயதுக்கு உண்டான சுருக்கம் மட்டும். "சர்க்கரையும் ஒரு காரணமா இருக்கலாம். ஆனா இதுதான்னு என்னால கை வச்சுச் சொல்ல முடியலைங்கம்மா" என்றார் நரம்பியல் டாக்டர். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த மனிதர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரார் ரத்தத்தை எண்ணாக மாற்றிக் கொடுப்பதே என் வேலையாக இருந்தது. எண்ணில் அகப்படாத ஒரு நோய் என் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருப்பது பழகிக்கொள்ளக் கடினமாக இருக்கிறது. அதைவிடக் கடினம், என் வீட்டுக்காரரைப் போன்ற ஒருவருக்கு இது வந்தது. ஈரோட்டில் மஞ்சள் மண்டியொன்றில் கணக்கு எழுதியவர். விரலி எத்தனை மூட்டை வந்தது, கிழங்கு எத்தனை, எந்த விவசாயிக்கு எவ்வளவு முன்பணம் போயிருக்கிறது என்று பேரேட்டைத் திறக்காமலே சொல்வார். டாக்டர் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னபோது தொண்ணூற்று மூணு, எண்பத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்திரெண்டு என்று மூச்சு விடாமல் இறங்கினார். டாக்டரே நிறுத்தச் சொல்ல வேண்டியதாயிற்று. பிறகு, தொடக்கத்தில் சொல்லிவைத்த மூன்று சொற்களைக் கேட்டார். "நீங்க ஒண்ணும் சொல்லலீங்களே" என்றார் இவர், மிகவும் பணிவாக. கடிகாரம் வரையச் சொன்னால் 1 முதல் 12 வரை எல்லா எண்ணையும் வட்டத்தின் வலது பாதியிலேயே அடுக்கிவிட்டு, மறுபாதி காலியாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மருத்துவம் 'தெரியவில்லை' என்று நிறுத்திய இடத்தில் சொந்தக்காரர்கள் தொடங்கினார்கள். அவர்களுக்குக் காரணம் தெரிந்திருந்தது. வினை. போன பிறவியில் என்ன செய்தாரோ என்றார் ஒருவர். இன்னொருவர் இந்தப் பிறவிக்கே வந்துவிட்டார்: மண்டிக் கணக்கு எழுதின கை, எந்த விவசாயியின் வயிற்றெரிச்சலோ என்றார். அவர் எதிரிலேயே, அவருக்குப் புரியாது என்று நினைத்துக்கொண்டு சொன்னார். புரிந்தது. அன்று முழுக்க "நான் யாரு கணக்குலயும் கை வைக்கலை அம்மிணி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யார் சொன்னது, எதற்குச் சொன்னது என்பது மறந்துவிட்டது. பட்ட அடி மட்டும் மறக்கவில்லை. மறதிக்காரர்களிடம் பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வினையை நான் மறுக்கவில்லை. சைவக் குடும்பத்தில் பிறந்து, திருமுறை ஓதுகிறவருக்கு வாழ்க்கைப்பட்டவள். ஆனால் வினை என்ற சொல்லை எங்கே எடுக்க வேண்டும் என்பதற்கு எங்கள் கொங்கு நாட்டிலேயே ஒரு வழிகாட்டுதல் இருக்கிறது. திருஞானசம்பந்தர் கொடிமாடச் செங்குன்றூரில், இன்றைய திருச்செங்கோட்டில், தங்கியிருந்தபோது பனிக்காலம் வந்து அவருடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் பிடித்தது. இந்த நாட்டின் இயல்பு இது என்று அவரிடம் சொல்கிறார்கள். அவர் அதைக் கேட்டுச் சும்மா இருக்கவில்லை. திருநீலகண்டப் பதிகம் பாடினார். சுரம் அடியார்களை மட்டுமல்ல, அந்த நாட்டையே விட்டுப் போனது என்கிறது பெரிய புராணம். அந்தப் பதிகத்தின் தொடக்கமே ஒரு கண்டிப்பு. அந்த வினைக்கு இந்த வினை என்று சொல்லத் தெரிந்த நீங்கள், அதிலிருந்து தப்பும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறையல்லவா என்று கேட்கிறார். பன்னூறு வருஷத்துக்கு முன்னால், நாங்கள் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் போய்விடுகிற ஊரில் கேட்ட கேள்வி அது. வினை என்று சொல்லிவிட்டு எழுந்துபோகிற ஒவ்வொருவருக்கும் அந்தக் கேள்வி பொருந்தும். வினைக் கொள்கை, ஒருவன் தன் துன்பத்தைத் தானே தாங்கிக்கொள்வதற்கும் தன் செயலைத் தானே திருத்திக்கொள்வதற்கும் உள்ளது. அடுத்தவர் கட்டிலருகே நின்று அவர் நோய்க்கு விலை எழுதுவதற்கு அல்ல. பி12 ஊசி போடுவது தப்பும் வழி. மாத்திரையை மாற்றிக் கேட்பது தப்பும் வழி. இவற்றைச் செய்யாமல் வினை என்று உட்கார்ந்திருந்தால் அது பக்தி ஆகாது.

மறதி மட்டும் வந்திருந்தால் வேறு. சர்க்கரை மட்டும் வந்திருந்தால், அதோடு நாங்கள் இருபது வருஷத்துக்கு மேல் வாழ்ந்துவிட்டோம். இரண்டும் ஒரே உடம்பில் இருக்கும்போது ஒவ்வொரு வேளைச் சாப்பாடும் ஒரு கணக்காகிறது. உடம்பு எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான் மூளை. ஆனால் ஓய்வில் உடம்பு செலவழிக்கிற சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. சர்க்கரையைச் சேர்த்துவைத்துக்கொள்ளவும் அதற்கு இடமில்லை. ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கினால் முதலில் தடுமாறுவது மூளைதான். அப்படி அடிக்கடி இறங்கினால் நினைவுக்கு இன்னும் கேடு. நினைவு கெட்டால் சாப்பிட்டோமா, மாத்திரை போட்டோமா என்பது தெரியாமல் சர்க்கரை மறுபடி ஏறும், இறங்கும். ஒன்று மற்றதற்கு வழி திறந்துவிடுகிறது.

காலையில் இரண்டு தோசை சாப்பிட்டு, கை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு வந்து, "இன்னிக்கு டிபன் இல்லீங்களா?" என்பார். வேண்டுமென்று கேட்பதில்லை, அவருடைய வயிறு அவரிடம் அப்படித்தான் சொல்கிறது. சாப்பிட்டாயிற்று என்று நான் சொன்னால், பசியோடு இருக்கிற ஒரு மனிதனைப் பட்டினி போடுகிறவள் ஆகிவிடுகிறேன். அதனால் இப்போதெல்லாம் முதல் தடவை ஒரு தோசைதான் வைக்கிறேன். கேட்டால் இரண்டாவதைத் தருகிறேன். அதற்கும் மேல் கேட்டால் வெள்ளரிக்காய், மோர். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை டப்பாவைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன். மாத்திரை டப்பா, ஞாயிறு முதல் சனி வரை கட்டம் போட்டது, அதுவும் பூட்டுக்குள். ராத்திரி மாத்திரையைக் காலையிலேயே எடுத்துப் போட்டுக்கொண்ட பிறகு இந்த ஏற்பாடு. "என் வீட்டுல எனக்கே பூட்டா அம்மிணி?" என்று ஒருநாள் பீரோ கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் சட்டைப் பையில் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன்: பெயர், என் செல் நம்பர், சர்க்கரை நோயும் மறதியும் உண்டு, வியர்த்துத் தடுமாறினால் சர்க்கரை கரைத்துக் கொடுக்கவும், மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-க்குப் போன் செய்யவும். சட்டை மாற்றும்போதெல்லாம் சீட்டையும் மாற்றவேண்டும்.

அவருடைய அம்மாவைக் கேட்பார். மாமியார் இறந்து முப்பது வருஷமாகிறது. முதலில் உண்மையைச் சொன்னேன். அவருக்கு அது அன்றைக்கு நடந்த சாவு. எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்று அழுதார். மறுநாள் மறுபடி கேட்டார். இப்போது, "பெருந்துறையில சின்ன அத்தை ஊட்டுக்குப் போயிருக்காங்க" என்கிறேன். குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத் தக்கது என்று வள்ளுவர் இதற்கு இடம் கொடுத்திருக்கிறார். அந்த இடத்தை நான் தயங்காமல் எடுத்துக்கொள்கிறேன்.

இதெல்லாம் வேலை. வேலை என்றால் செய்துவிடலாம். ராத்திரி அவர் தூங்கிய பிறகு என்னைத் தூங்கவிடாமல் செய்கிற கேள்வி வேறு. நினைவு போன பிறகு மிச்சம் இருப்பது யார்? அறுபது வருஷம் ஐந்தெழுத்தைச் சொன்னவர் அதைச் சொன்னதையே மறந்துபோனால், சொன்னது எங்கே சேரும்?

மெய்கண்டாரின் சிவஞான போதம் 12 சூத்திரங்களே கொண்ட நூல், 13-ஆம் நூற்றாண்டினது. அதன் நான்காம் சூத்திரம் உயிரையும், மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்ற அந்தக்கரணங்களையும் பிரித்து வைக்கிறது. கரணங்கள் உயிருக்காக வேலை செய்கின்றன. உயிர் அவற்றில் ஒன்றல்ல. அரசனுக்கும் அமைச்சர்களுக்கும் உள்ள உறவு என்று உவமை சொல்கிறார். இந்த வழியில் பார்த்தால் என் வீட்டுக்காரருக்குக் கெட்டிருப்பது சித்தம் என்ற கருவி. அமைச்சர் நோயில் விழுந்தால் உத்தரவு வெளியே வராது. அதனால் அரசன் இல்லை என்றாகாது. நினைவுதான் மனிதன், நினைவு போனால் ஆள் போயாயிற்று என்று பேசுகிறவர்களுக்கு இது நல்ல பதில். அவர் போகவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் நான் கல்யாணம் செய்துகொண்டது உயிரை மட்டும் அல்லவே. அந்தச் சித்தத்தையும் சேர்த்துத்தானே. 1983-இல் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்டது. எங்கள் காட்டு வரப்போரம் ஒரு வேப்பமரத்தடியில் அவரே குழி தோண்டி வைத்தார். கூட வந்தவர்கள் இப்போது யாரும் உயிரோடு இல்லை. பையனுக்கு அப்படியொரு அக்கா இருந்தது தெரியும், இடம் தெரியாது. அந்தக் காட்டை விற்ற பிறகும் வருஷத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கமாக நடந்துபோய்விட்டு வருவார், எதற்கென்று நாங்கள் பேசிக்கொண்டதில்லை. போன வருஷம் நானும் கூடப் போனேன். மரத்தைத் தாண்டிப் போனார். கொஞ்ச தூரம் போய், "இந்தக் காடு யாருதுங்க?" என்றார். சில நாட்களாக என்னை அக்கா என்று கூப்பிடுவதுகூட அவ்வளவு வலிக்கவில்லை. அவருடைய அக்காமேல் அவருக்கு உயிர். ஆனால் அந்தக் குழந்தையை அறிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர் இருந்தோம், இப்போது நான் ஒருத்தி என்பதை வேப்பமரத்துக்குப் பக்கத்தில் நின்று தெரிந்துகொண்டேன். இதற்குச் சிவஞான போதத்தில் பதில் இருக்கிறதா என்று எனக்குப் பிடிபடவில்லை.

பதில் வேறு பக்கத்திலிருந்து வந்தது. அதற்கு முன் ஒரு பதில் வந்து, உடைந்தும் போனது.

கொங்கு நாட்டில் ஊருக்கு ஊர் திருமுறை முற்றோதல் கூட்டங்கள் இருக்கின்றன. பன்னிரு திருமுறையையும் முதலிலிருந்து கடைசி வரை கூடி உட்கார்ந்து ஓதுவார்கள். டீக்கடைக்காரர், தறி ஓட்டுகிறவர், வங்கி ஊழியர், வீட்டுப் பெண்கள் என்று எல்லோரும் வருவார்கள். இவர் அதில் பழைய ஆள். மறதி வந்த பிறகு கூட்டிப்போகலாமா என்று யோசித்தேன். போனோம். தாளம் தட்டி ஒருவர் முதல் சொல்லை எடுத்துக் கொடுத்ததும் இவர் வாய் தானாகப் பிடித்துக்கொண்டது. ஒரு பாட்டல்ல, பதிகம் முழுதும். எந்த ஊர்ப் பதிகம் என்று கேட்டால் தெரியாது, காலையில் என்ன சாப்பிட்டார் என்பது தெரியாது, பக்கத்தில் இருப்பவர் பெயர் தெரியாது. பழம்பஞ்சுரப் பண் மட்டும் இழை பிசகாமல் வந்தது.

அன்று பாடியது சுந்தரர் கொடுமுடியில் பாடிய நமச்சிவாயத் திருப்பதிகம். நான் உன்னை மறந்தாலும் என் நாக்கு உன் பெயரைச் சொல்லும் என்று பாட்டுக்குப் பாட்டு முடிகிற பதிகம். அவர் அதைப் பாடுகிறார், அதுவே அவருக்கு நடந்துகொண்டிருக்கிறது. கூட்டத்தில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

இதற்கு மருத்துவத்திலும் இடம் உண்டு. 1953-இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற இளைஞருக்கு வலிப்பை நிறுத்த மூளையில் இருபுறமும் ஹிப்போகேம்பஸ் பகுதியை எடுத்தார்கள். அதன்பின் புதிதாக எதையும் அவரால் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. 2008-இல் இறக்கும் வரை அப்படித்தான். ஆனால் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நட்சத்திரம் வரைகிற பயிற்சியைக் கொடுத்தபோது நாளுக்கு நாள் கை தேர்ந்துகொண்டே வந்தது. முந்தின நாள் வரைந்ததே அவருக்குத் தெரியாது. நடந்ததை வைத்திருக்கிற நினைவு வேறு, கையும் நாவும் பழகிவைத்திருக்கிற நினைவு வேறு என்பதை மருத்துவ உலகம் கற்றுக்கொள்ள அவர் பெரிய காரணம். சுந்தரர் இந்த இரண்டையும் பிரித்துப் பாடியிருக்கிறார் என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் வீட்டுக்காரரின் நாக்கு இருக்கிற வரை பயமில்லை என்று பிடித்துக்கொண்டேன்.

ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி அந்தப் பிடி விட்டது. முந்தின நாள் அவருக்கு வயிற்றுப்போக்கு, சாப்பாடு சரியாக இறங்கவில்லை. சர்க்கரையை இறக்குகிற மாத்திரை உடம்பில் தங்கி வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு மேல் கட்டில் ஆடுகிற சத்தம் கேட்டு எழுந்தேன். உட்கார்ந்திருந்தார். பனியன் பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. கை நடுங்குகிறது. கண் என்னைப் பார்க்கிறது, ஆனால் பார்வை என்மேல் நிற்கவில்லை. விரலைக் குத்தினேன்; குளுக்கோமீட்டர் 46 காட்டியது. 70-க்குக் கீழே போனாலே குறைவு. விழுங்க முடிகிறதா என்று ஒரு ஸ்பூன் தண்ணீரில் பார்த்துக்கொண்டு, மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். பதினைந்து நிமிஷம் காத்திருந்து மறுபடி பார்க்க வேண்டும். வேலையில் இருந்த காலத்தில் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்த விதி அது. அந்தப் பதினைந்து நிமிஷத்தில் நான் நமச்சிவாய என்று எடுத்துக்கொடுத்தேன். வரவில்லை. பதிகத்தின் முதல் சொல்லைச் சொன்னேன். வரவில்லை. மறுபடி மறுபடி சொன்னேன். உதடு அசைந்தது, அர்த்தமில்லாத ஒரு முனகல், அவ்வளவுதான்.

பிறகு 82 ஆயிற்று. பேச்சு வந்தது. "எதுக்கு அம்மிணி லைட்டப் போட்டிருக்கே?" என்று கேட்டு, பிஸ்கட் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டார். ஆனால் எனக்குள் ஒன்று ஆட்டம் கண்டுவிட்டது. நாக்கும் உடம்புதானே. அதற்கும் சர்க்கரை வேண்டும். நாளைக்கு நோய் இன்னும் கீழே இறங்கினால் பாட்டும் போகும், ஒருநாள் விழுங்குவதே போகும். அப்போது சுந்தரர் சொன்னது என்னவாகும்?

அந்தக் கோபத்தோடுதான் கொடுமுடிக்குப் போனேன். பையன் இவரைப் பார்த்துக்கொண்டான். தெற்கு நோக்கி வருகிற காவிரி கிழக்கே திரும்புகிற ஊர் அது. தேவார மூவரும் பாடிய தலம். மகுடேசுவரர் சந்நிதியும் வீரநாராயணப் பெருமாள் சந்நிதியும் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன; வன்னி மரத்தடியில் மூன்று முகத்தோடு பிரமன். நான் வன்னி மரத்தருகே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கேட்க நினைத்ததைக் கேட்டேன். கேட்கக் கேட்க, இப்படிப் பாடினவர் யார், அவருக்கு நினைவைப் பற்றி என்ன தெரியும் என்று யோசனை போயிற்று.

அப்போதுதான் உறைத்தது. சுந்தரர் கதையே மறந்துபோனவர் கதை. கயிலையில் இறைவனோடு இருந்தவர், வேண்டும்போது வந்து என்னைத் தடுத்தாட்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டு பூமிக்கு வந்தவர், வந்த பின் அது ஒன்றும் அவருக்கு நினைவில்லை. புத்தூரில் கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறார். கிழவர் ஒருவர் வந்து, இவன் என் அடிமை, இவன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார். பித்தனா நீ என்று இவர் சீறுகிறார். ஓலையைப் பிடுங்கிக் கிழித்தே போடுகிறார். கிழவர் கலங்கவில்லை. கிழிந்தது படி ஓலை. மூல ஓலை வேறாக இருக்கிறது என்று வழக்கைத் திருவெண்ணெய்நல்லூருக்குக் கொண்டுபோகிறார். அங்கே சபையார் முன் மூல ஓலையை எடுத்துக்கொடுக்கிறார். பாட்டனின் கையெழுத்தோடு ஒத்துப்பார்த்து, செல்லும் என்கிறார்கள். மெய்கண்டார் வாழ்ந்ததும் அதே திருவெண்ணெய்நல்லூர்தான்.

பல வருஷமாகக் கேட்ட கதை. பெரிய புராணச் சொற்பொழிவுகளில் கிழவர் வழக்காடுவதைச் சுவைக்காக விரித்துச் சொல்வார்கள். நான் அன்றைக்குப் பார்த்தது வேறு. ஆண்டவனுக்கும் அந்த மனிதனுக்கும் இருந்த உறவு அந்த மனிதனுடைய நினைவில் இல்லை. துளிகூட இல்லை. கையில் கிடைத்த படியையும் கிழித்தாயிற்று. அப்படியும் உறவு அழியவில்லை, ஏனென்றால் மூலம் எப்போதுமே அவன் கையில் இல்லை. நாக்கு சொல்லும் என்று பாடியவர் இந்த அனுபவத்தைக் கடந்து வந்தவர். அவர் நாவை நம்பிப் பாடினார் என்று நான் புரிந்துகொண்டது போதாது; தான் மறந்த காலத்திலும் தன்னை மறக்காதவனை நம்பிப் பாடியிருக்கிறார். நாக்கும் படிதான். ஐப்பசி ராத்திரியில் அது கிழிந்தது.

பெருமாள் சந்நிதியில் தீர்த்தம் வாங்கும்போது வைணவர்கள் இதையே இன்னும் நேராகச் சொல்வது நினைவுக்கு வந்தது. வராகப் பெருமாள் பூமித்தாய்க்குக் கொடுத்த வாக்கு என்பார்கள்: திடமாக இருந்தபோது என்னை நினைத்தவன், கடைசியில் கட்டைபோலக் கிடந்து நினைக்க முடியாமல் போனால், நான் அவனை நினைக்கிறேன், நானே அழைத்துப்போகிறேன். கீதையில் அந்திமத்தில் நினைப்பவனே என்னை அடைவான் என்று படித்துப் பயந்துபோகிறவர்களுக்கு இந்த வாக்கு பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒரே மதிலுக்குள் இரண்டு சந்நிதியையும் வைத்தவர்களுக்கு என் நன்றி.

ஒன்றை மட்டும் நான் ஏற்கவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். ஐந்தொழிலில் மறைத்தலும் ஒன்று, மறைத்தலும் அருளே என்பது சித்தாந்தம். முற்பிறவிகள் நமக்கு மறைக்கப்பட்டிருப்பது அருள் என்றால் முழு மனதோடு ஒத்துக்கொள்வேன். அத்தனையையும் சுமந்துகொண்டு ஒரு நாள் வாழ முடியாது. ஆனால் இதைச் சொல்லி என்னைத் தேற்ற வந்த அன்பர் ஒருவரிடம், போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். வேட்டியை எப்படிக் கட்டுவது என்று தெரியாமல் இரண்டு முனையையும் கையில் பிடித்துக்கொண்டு, என் முகத்தையும் வேட்டியையும் மாறி மாறிப் பார்க்கிற மனிதனுக்கு நேர்ந்ததை அருள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த உயரத்திலிருந்து பார்க்கிற கண் எனக்கு இல்லை. ஆண்டவன் அவரை வைத்திருக்கிறான் என்பதை நம்புகிறேன். இதை அவன் நல்லதற்காகத்தான் செய்தான் என்று என்னைச் சொல்ல வைக்க வேண்டாம். இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர்கள், நோயாளியின் வீட்டில் ஒரு வாரம் தங்கிவிட்டுப் பேசலாம்.

வேப்பமரத்தடிக் குழந்தை விஷயத்தைப் பையனிடம் சொல்லிவிட்டேன். இடத்தையும் காட்டினேன். நிலத்துக்காரர் நல்ல மனிதர், எப்போது வேண்டுமானாலும் வந்து போங்கள் என்றார். எனக்கும் எழுபது நெருங்குகிறது. எனக்கும் சர்க்கரை எல்லையில் நிற்கிறது. என் தலைக்குள் மட்டும் இருக்கிறவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

டாக்டர் அந்த ஐப்பசிக்குப் பிறகு இறக்குகிற மாத்திரையை நிறுத்திவிட்டார். சர்க்கரைச் சராசரியைக் காட்டுகிற ஹெச்.பி.ஏ.1.சி. ஏழுக்குள் வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தவள். இவருக்கு எட்டு வரை போனாலும் பரவாயில்லை, இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். போன தடவை 7.8. இரவில் ஒருமுறை எழுந்து அவர் கழுத்தைத் தொட்டு வியர்வை இருக்கிறதா என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

தை பிறந்ததும் அவரையே கொடுமுடிக்குக் கூட்டிப்போவதாக இருக்கிறேன். பங்குனி வந்துவிட்டால் பழனிக்குத் தீர்த்தக் காவடி எடுக்கிறவர்கள் கூட்டம். அவருக்குச் சத்தம் ஆகாது. ஈரோட்டிலிருந்து கரூர்ப் பாசஞ்சரில் போனால் சீக்கிரம் போய்ச் சேரலாம். இட்லியும் குளுக்கோஸ் பொட்டலமும் எடுத்துக்கொள்ள வேண்டும், பதினோரு மணிக்கு ஒருமுறை விரல் குத்திப் பார்க்க வேண்டும். சந்நிதியில் அவர் பாடுவாரா என்பது அன்றைய நாளைப் பொறுத்தது. பாடாவிட்டால் நான் பாடுவேன். எனக்கு மூன்றாம் பாட்டுக்கு மேல் மனப்பாடமில்லை; அவருடைய ஏழாம் திருமுறைப் புத்தகத்தைப் பைக்குள் எடுத்துவைத்தாயிற்று.